அம்மம்மாவின் வீடு: இடிக்க முதல் ஒரு மாரி பொறுங்கள்

ரொறன்ரோவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணம் பிரதான வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்த நடுவே முற்றமும் சுற்றிவர நாலு சார்ப்புமான நாற்சார் வீடு ஒன்று இருக்கிறதாம். 'ஒல்லாந்தர் காலத்து வீடு' என்று குடும்பத்தில் சொல்வார்களாம். 1995 இடப்பெயர்வோடு பூட்டியது. இப்போது பின்பக்கக் கூரை விழுந்துவிட்டது, முன் அறைச் சுவர்களில் இடுப்பளவுக்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. பார்த்த மேசன், எல்லாவற்றையும் கொத்திச் சீமெந்து பூசி, ஓட்டை இறக்கிவிட்டுக் கொங்கிறீற் தட்டுப் போட்டால் ஐம்பது வருடத்துக்குக் கவலை இல்லை என்கிறார். மாமா இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறார். கடைசியில் கேட்டது, 'திருத்துவதென்றால் சதுர அடிக்கு எவ்வளவு முடியும்?' கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். காசு இதில் இரண்டாவது. வீட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறதா, மேசன் சொல்கிற வைத்தியம் சரியா என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன், காசுக் கதை பின்னால் வரும்.

நான் கட்டட மேற்பார்வை வேலையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட இருக்கிறேன். படித்ததெல்லாம் சீமெந்தும் கம்பியும்தான். சுண்ணாம்பு படித்தது வகுப்பில் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது சீமெந்து குடாநாட்டுக்குள் வருவதே அரிது. அப்போது ஒரு வயதான மேசன் ஐயாவோடு கையாளாக நின்றேன். அவர் பழையபடி கல்லைச் சுட்டு, நீற்றி, குழைத்து வேலை செய்தார். அன்றைக்கு வேறு வழியில்லாமல் சுண்ணாம்பால் ஒட்டுப்போட்ட சில சுவர்கள், சமாதானம் வந்தபிறகு சீமெந்தால் 'நன்றாகச்' செய்த பக்கத்துச் சுவர்களைவிடச் சுகமாக இன்றும் நிற்கின்றன. இதைச் சொல்வது என் தகுதியைக் காட்ட இல்லை, நான் எந்தப் பக்கம் சாய்ந்தவன் என்று நீங்கள் தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும் என்பதற்காக. இன்னொன்று, தங்கை, நீங்கள் அனுப்பியது மூன்று படங்கள். சுவரைத் தட்டாமல், கூரை மரத்தைக் குத்திப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்ல முடியாது. கீழே நிச்சயமானதை நிச்சயம் என்றும், ஊகத்தை ஊகம் என்றும் சொல்கிறேன்.

ஒல்லாந்தர் கதையை முதலில் முடித்துவிடுவோம். அவர்கள் 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள், 1795 இல் ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் விறாந்தைக் கூரையில் தெரிவது கலிகட் ஓடு. தட்டையாக, ஒன்றோடொன்று கொழுவிக்கொள்ளும் ஓடு. சுவிஸ் பாதிரிமாரான பாசல் மிஷன்காரர் மங்களூரில் 1865 இல் ஆலை தொடங்கியபிறகு பரவிய சாதி அது. சரி, கூரையைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம், ஆகவே ஓடு ஒரு சாட்சி மட்டும்தான். ஆனால் முகப்பு முக்கோணத்துப் பூவேலை, விறாந்தையின் உருண்டைத் தூண்கள், கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடி, சிவப்புச் சீமெந்து நிலம் எல்லாம் ஒரே பேச்சாகப் பேசுகின்றன. 1900க்கும் 1930க்கும் இடையில் கட்டியது என்பது என் ஊகம். மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பிய பலர் அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளின் சாயல் இது. நடுமுற்றமும் நாலு சார்ப்பும் நம்முடையவை. தூணும் முகப்பும் வெள்ளைக்காரரைப் பார்த்து வந்தவை. உண்மையில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நம் வீடுகளில் இருப்பதைவிட நம் வாயில்தான் கூட இருக்கிறார்கள். விறாந்தை, யன்னல், குசினி, தீராந்தி முன்னவர் விட்டுப்போனது. கந்தோர், லாச்சி, கக்கூஸ் பின்னவருடையது. வீட்டின் வயது குறைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், திருத்துகிற முறை மாறப்போவதில்லை. சட்டத்தில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி சுவர். உங்கள் வீட்டின் முக்கியமான வருத்தம் இங்கேதான். இந்தப் பகுதிப் பழைய சுவர்கள் சுண்ணாம்புக்கல்லும், கடல் பவளப்பாறைக் கல்லான முருகைக்கல்லும் கலந்து, சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. ஒன்றரை அடி, இரண்டு அடி கனம் இருக்கும். கோட்டைக்குப் போனால் உடைந்த மதில்களின் குறுக்குவெட்டில் முருகைக்கல்லைக் கண்ணாலேயே பார்க்கலாம், பூவும் துளையுமாகத் தெரியும். இந்தச் சுவர்களுக்கு அடியில் ஈரம் தடுக்கும் படை எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும், சுவர் அதை இரண்டு பக்கத்தாலும் காற்றுக்கு விட்டுவிடும். ஏறுகிற அளவு போய்க்கொண்டிருந்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. நூறு வருடம் அப்படித்தான் நின்றது.

கெடுப்பது தண்ணீரோடு வருகிற உப்பு. நகரத்துக் கிணறுகளில் பல சவர்த் தண்ணீர், கடல் கூப்பிடு தூரம், முருகைக்கல்லோ கடலிலிருந்தே வந்தது. ஈரம் காற்றில் போகும்போது உப்பு போகாது. பூச்சுக்குப் பின்னாலேயே பளிங்காக உறைந்து, வளர்ந்து, பூச்சை உள்ளிருந்து தள்ளும். 'சவர் அடித்திருக்கிறது' என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். அந்த ஐயா சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதைவிட அது விரைவு. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் எழுபத்தைந்து வீதத்தைத் தாண்டினால் தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் பல இரவுகளில் காற்று அந்த அளவைத் தாண்டிவிடும். அதனால்தான் மழையே இல்லாத நாளிலும் காலையில் உங்கள் சுவர் நனைந்த மாதிரி இருக்கிறது. கூரை ஒழுகுகிறது என்று தேடி அலைய வேண்டாம்.

இந்தச் சுவரின் மேல் சீமெந்துப் பூச்சுப் பூசினால் நடப்பதை நான் நிச்சயமாகச் சொல்லலாம், எண்ணிக்கை மறந்துபோகும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் வீடு புதுசு போல இருக்கும். சுவர் மூச்சுவிடும் வழி அடைபட்டதால் ஈரம் மேலே வழி தேடும். இடுப்பளவில் இருந்த சவர் நெஞ்சளவுக்குப் போகும். பிறகு பூச்சு கழரும், கழரும்போது தனியாகக் கழராது. சீமெந்து கல்லைவிட வலியது, ஆகவே கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். உங்கள் இரண்டாவது படத்தில் யன்னலுக்குக் கீழே சாம்பல் நிறமாக ஒரு திட்டு இருக்கிறதல்லவா? அது முன்பே யாரோ சீமெந்து போட்ட இடம். அதைச் சுற்றித்தான் சேதம் அதிகம். மேசன் தருவதாகச் சொல்லும் மருந்தை உங்கள் சுவர் ஏற்கெனவே ஒருமுறை குடித்துவிட்டது.

செய்யவேண்டியது பொறுமையான வேலை. சீமெந்துப் பூச்சை உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் கழற்ற வேண்டும். மெசின் வைத்து உடைத்தால் சாந்து அதிர்ந்து கற்கள் ஆடும். ஈரக்கோட்டுக்கு மேல் இன்னும் இரண்டு அடி வரை கழற்றுங்கள். வெளியே தெரியும் உப்பைக் காய்ந்த பிரசால் தட்டிக் கூட்டி, வளவுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்தான் போகும். பிறகு சுவரை வெறுமனே விடுங்கள். ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது எங்கள் கைக்கணக்கு. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் அதில் பாதி. இருபது அங்குலச் சுவர் என்றால் பத்து மாதம். மாரி ஒன்று குறுக்கே வந்தால் இன்னும் கூட. அதன்பிறகு மெலிதாக ஒரு சுண்ணாம்புப் பூச்சு பூசி, அது கெட்டுப்போகட்டும் என்று விடுவோம். எஞ்சிய உப்பு அதற்குள் வந்து சேரும். ஒரு வருடத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு உண்மையான பூச்சைப் பூசுவோம். நான் அதைப் 'பலிகடாப் பூச்சு' என்பேன். வெளிநாட்டிலிருந்து ஆறு கிழமை லீவில் வந்து முடித்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் உப்புக்கு லீவு கிடையாது.

சுண்ணாம்பு என்றதும் எல்லோரும் பனங்கட்டியும் முட்டையும் கேட்பார்கள். அதற்கு முன்னால் அடிப்படை. சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். கண்ணில் பட்டால் பார்வை போகும், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். நீறினதை அரித்து, தண்ணீருக்குக் கீழே குறைந்தது ஒரு மாதமாவது ஊறவிட வேண்டும், மூன்று மாதம் என்றால் நல்லது. ஒரு பங்கு நீறு, மூன்று பங்கு மணல். மணல் உவர் இல்லாததாக இருக்க வேண்டும். இந்த ஊரில் அதுவே ஒரு வேட்டை, கடற்கரை மணலை நல்ல மணல் என்று இறக்கிவிட்டுப் போவார்கள். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசக்கூடாது. பூசியதை ஒரு கிழமையாவது நனைத்த சாக்கால் மூடி வையுங்கள். சுண்ணாம்பு காற்றை உள்ளே எடுத்துத்தான் மெல்ல இறுகும், அவசரமாகக் காய்ந்தால் மாவாக உதிரும். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் நான் வெளிப்பூச்சு தொடங்குவதில்லை. மாரி ஓய்ந்து தையில் தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பதுதான் வசதி. கடையில் பையில் விற்கும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் பல மாதம் கிடந்து பாதி செத்திருக்கும், வெள்ளை அடிக்கலாம், சுவரைப் பிடித்துவைக்க அதை நம்பாதீர்கள்.

பனங்கட்டித் தண்ணீரில் உண்மை இருக்கிறது. சர்க்கரை சாந்தை இளக்கமாக்கும், வேலைக்கு வளைந்து கொடுக்கும். கொஞ்சம் போதும், கூடினால் இறுகாது, எறும்பும் வரும். முட்டை வெள்ளைக்கருவைப் பற்றி எனக்குச் சந்தேகம். பழைய வீடுகளின் பளிங்கு மாதிரியான உட்பூச்சுக்கு அதுதான் காரணம் என்பார்கள். நான் முட்டை இல்லாமலே அந்த வழவழப்பைக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு பேர் நாள் முழுக்க இருந்து தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். முட்டை மலிவு, தேய்க்கிற கைதான் விலை.

புதுக் கல் வேண்டுமென்றால் கடலோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டத்தில் தடை. எடுக்கவும் கூடாது, அந்தக் கல்தான் கடலைத் தடுத்து நிற்கிறது. உங்கள் வளவிலேயே விழுந்த சுவரின் கற்கள் கிடக்கும். மேசன் அதை நிலம் நிரவப் போட்டுவிடுவார், முன்கூட்டியே சொல்லி ஒரு மூலையில் அடுக்கி வையுங்கள். சுவரில் பெரிய ஓட்டை உள்ள இடத்தில் அரிகல் வைத்து அடைக்க வேண்டாம், அந்தக் கல்லையே பொருத்துங்கள்.

சுவருக்கு எவ்வளவு செய்தாலும் சுற்றியுள்ள நிலம் உயர்ந்திருந்தால் வீண். முப்பது வருடத்தில் ஒழுங்கை இரண்டு மூன்று தரம் தார் போட்டு உயர்ந்திருக்கும். வளவுக்குள் இலையும் மண்ணும் இடிபாடும் சேர்ந்திருக்கும். இன்று வெளிநிலம் வீட்டு நிலத்துக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கும், படங்களில் அப்படித்தான் தெரிகிறது. சுவரோரமாக மண்ணை வெட்டி, உள்நிலத்துக்கு அரை அடியாவது கீழே கொண்டுவந்து, தண்ணீர் வெளியே ஓடச் சரிவு கொடுங்கள். சுவரோடு ஒட்டிச் சீமெந்துக் கல் பதிக்காமல் ஒரு முழம் அகலத்துக்குச் சல்லி போடுங்கள். நடுமுற்றத்தில் விழும் மழை வெளியே போக, நடைக்குக் கீழால் ஒரு வாய்க்கால் பெரும்பாலும் இருக்கும். வேர் அடைத்திருக்கும், ஆனால் இருக்கும். முற்றத்தின் தாழ்ந்த மூலையில் தேடுங்கள். நான் கண்ட வீடு ஒன்றில் மூன்று வருடமாகச் சுவருக்கு மருந்தடித்துக் களைத்தார்கள். அந்த வாயைத் திறந்துவிட்டதும் அடுத்த மாரியோடு பாதி வருத்தம் போனது. அறைகளுக்குள் சிவப்புச் சீமெந்து நிலம் வெடித்திருந்தாலும் அதன் மேல் பளபளக்கிற தரை ரைல் பதிக்காதீர்கள். நிலத்தடி ஈரம் தரையால் வரமுடியாமல் முழுவதும் சுவருக்குத்தான் ஓடும்.

கூரைக்கு வருவோம். விழுந்தது பின்சார்ப்பு என்பது நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம், கூரை மெல்ல மெல்ல விழுகிற வீடுகளில் முகட்டு வளைதான் கடைசியில் போகும். இந்தக் கூரைகளுக்குப் போட்ட பனைமரம் வேறு மரம் மாதிரி இல்லை. வைரம் வெளியோரத்தில், சோறு உள்ளே. முதிரை, பாலை போன்ற வன்னிக் காட்டு மரங்களில் நடுவே வைரம், இங்கே தலைகீழ். ஆகவே கறையான் உள்ளே தின்றுவிட்டு வெளித்தோலை விட்டுவைக்கும், பார்வைக்கு மரம் நலமாக இருக்கும். தட்டினால் பொந்துச் சத்தம் கேட்கும். கூரான ஊசியால் குத்துங்கள், குறிப்பாகக் கைமரம் சுவரில் உட்காரும் நுனியில். மழை அங்கேதான் முதலில் நனைக்கும், உக்குவதும் அங்கேதான் தொடங்கும். நுனி மட்டும் உக்கியிருந்தால் முழு மரத்தையும் கழற்ற வேண்டாம். நல்ல தச்சர் இரண்டு அடி வெட்டிவிட்டு, புதுத்துண்டைச் சரிவாகப் பொருத்தி ஆணி அடிப்பார். புதுப் பனை வாங்குவதானால் வயது முதிர்ந்த மரம் கேளுங்கள். பனை தறிக்க அனுமதி வேண்டும், அனுமதிச் சீட்டோடு வருகிறவரிடமே வாங்குங்கள். பழைய ஓட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மணிபோல் கேட்டால் வைத்துக்கொள்ளலாம், மொக்கைச் சத்தம் என்றால் வெடிப்பு. நல்ல ஓடுகளை எல்லாம் ஒழுங்கைப் பக்கம் போட்டு, குறைக்குப் புது ஓடுகளைப் பின்னால் கோடிப்பக்கம் போட்டால் முகம் கெடாது.

தட்டுக் கதையில் நான் சண்டைக்காரன். ஐந்து அங்குலக் கொங்கிறீற் தட்டு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோ. மரமும் ஓடும் சேர்ந்த கூரை அதில் நாலில் ஒன்றுகூட வராது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் பாரத்தையாவது தாங்கிவிடலாம். ஆனால் வெயிலில் தட்டு நீளும், இரவில் சுருங்கும், ஒவ்வொரு நாளும் சுவர்த் தலையை இழுத்துத் தள்ளும். மூலைகளில் சாய்ந்த வெடிப்பு வந்துவிடும். மணலில் உப்பு இருந்தால் கம்பி துருப்பிடித்து வீங்கி, பத்துப் பதினைந்து வருடத்தில் அடியிலிருந்து கொங்கிறீற் செதில் செதிலாக விழும். சமாதானம் வந்த புதிதில் அவசரமாகப் போட்ட தட்டுகளுக்குக் கீழே நின்று மேலே பார்த்தால் தெரியும். ஐம்பது வருடம் என்கிற மேசனைக் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த வேலை அது. ஓட்டுக்கூரைக்கு வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், ஒரு ஆள் ஏறி நழுவின ஓட்டைச் சரிசெய்ய வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லை என்பதால்தான் எல்லோரும் தட்டுக்குப் போகிறார்கள்.

உங்கள் சுவரில் இருக்கும் ஆலங்கன்றைப் பிடுங்க வேண்டாம். வேர் கல்லிடுக்குகளில் பின்னிக் கிடக்கும், இழுத்தால் சுவரும் கூட வரும். அடியோடு வெட்டி, வெட்டுமுகத்தில் மருந்து பூசி, துளிர்க்கத் துளிர்க்க நறுக்கி, வேர் செத்தபிறகு இடுக்கைச் சாந்தால் நிரப்ப வேண்டும். நிலைகளும் கதவுகளும் இல்லாத அறைகளைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பதுங்குகுழிக்கும் அடுப்புக்கும் போன கதை அது, எங்கள் வீட்டுக் கதவும் அப்படித்தான் போனது. மிக முக்கியமான ஒன்று, இத்தனை வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் கிணற்றை இறைக்கவோ, இடிபாட்டைக் கிளறவோ, முகட்டில் ஏறவோ முன்னால் போர்க்காலத்துக் குண்டோ வெடிபொருளோ வெடிக்காமல் கிடக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள். சந்தேகமாக எதையாவது கண்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். நான் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இனி காணி உறுதி. நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் வேலை நடுவில் நின்றுபோன வீடுகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் காரணம் காசில்லை, காகிதம். உங்கள் அம்மாவுக்கு இரண்டு சகோதரர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிபடாத முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, என்றால் ஒவ்வொருவருக்கும் பங்கு, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. ஒரு வீட்டில் கூரையைப் பிரித்து ஓட்டை அடுக்கிய மறுநாள், ஒரு மச்சான் தடையுத்தரவோடு வந்தார். வழக்கு முடிய இரண்டு மாரி திறந்த வீட்டுக்குள் பெய்தது. ஓடு அடுக்கியபடியே பாசி பிடித்தது. ஆகவே எல்லோருடைய சம்மதமும் எழுத்தில், வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்களுக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவத்தோடு, நொத்தாரிசிடம் முடித்துவிட்டே ஒரு ஓட்டையாவது கழற்றுங்கள். தொல்பொருள் சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1940 ஆம் ஆண்டுச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களைத்தான் பழம்பெரும் நினைவுச்சின்னம் என்று தானாகவே எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிந்தியவற்றை வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம். என் ஊகப்படி உங்கள் வீடு பிந்தியது. ஆனாலும் வேலை தொடங்க முதல் தொல்லியல் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் ஒரு கடிதமும், மாநகர சபையில் வேலைக்கு அனுமதியும் எடுத்துவிடுங்கள். கடிதம் கொடுத்தால் குறையப்போவது ஒன்றுமில்லை.

காசு. சதுர அடிக் கணக்கு புது வீட்டுக்குச் சரி, பழைய வீட்டுக்குப் பொருந்தாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைகளில் ஒன்றுக்கு வெள்ளை அடித்தால் போதும், மற்றதற்குச் சுவரே பாதி புதுசாக வேண்டும். 2022க்குப் பிறகு சாமான் விலையும் கூலியும் ஏறிய வேகத்தில் இன்று நான் ஒரு தொகை சொன்னால் நீங்கள் வாசிக்கும்போது பிழையாகிவிடும். என் அனுபவத்தில் நாற்சார் வீடுகளில் செலவின் பெரும் பங்கு கூரைக்குப் போகும். மிச்சத்தில் கூலி அதிகம், சாமான் குறைவு, புது வீட்டுக்கு இது மறுதலை. ஆகவே மொத்த ஒப்பந்தம் கொடுக்காதீர்கள். மொத்த ஒப்பந்தத்தில் மேசனுக்கு அவசரம், இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. நாட்கூலியில், கிழமைக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும் நம்பிக்கையான ஒருவர் ஊரில் இருக்க, துண்டு துண்டாகச் செய்யுங்கள். இந்த வருடம் விழுந்த பகுதிக்குத் தற்காலிகமாகத் தகரம், வெளிநிலம் வெட்டுதல், முற்றத்து வாய்க்கால், சீமெந்துப் பூச்சைக் கழற்றுதல். இவ்வளவும் சின்னக் காசு. ஒரு மாரி பார்த்துவிட்டு அடுத்த தையில் கூரை. சுவர்ப்பூச்சு அதற்கும் பின்னால். மாமாவுக்கும் சொல்லுங்கள், இடிப்பதற்கு எப்போதும் நேரம் இருக்கிறது.

அப்படி எல்லாம் செய்தபிறகு அங்கே யார் இருப்பார்கள்? கேட்கிற எல்லோரிடமும் இதைக் கேட்பேன், பாதிப்பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். பூட்டிய வீட்டில் யன்னல் திறக்க ஆள் இல்லை, உப்பும் கறையானும் தனியாக ஆட்சி செய்யும். தெற்கே காலி நகரின் கோட்டைக்குள் பழைய வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்ததைப் பார்த்து இங்கேயும் சிலர் அப்படிக் கனவு காண்கிறார்கள். நடக்கலாம். ஆனால் குளிரூட்டி போட்டு யன்னலை எல்லாம் அடைத்தால் திரும்பவும் அதே சுவர் வருத்தம். உங்கள் நிலைமைக்கு, முன்பக்க இரண்டு அறையையும் குசினியையும் முதலில் ஆள் இருக்கும் அளவுக்குத் திருத்தி, ஊரிலுள்ள ஒரு சின்னக் குடும்பத்தைக் குறைந்த வாடகைக்கு, எழுத்தில் ஒப்பந்தத்தோடு விடுவது நல்லதென்று எனக்குப் படுகிறது. அவர்கள் முற்றம் கூட்டுவார்கள், ஓடு நழுவினால் அன்றைக்கே உங்களுக்குத் தெரியும்.

கடைசியாகக் கதவுக்கு மேலுள்ள வண்ணக் கண்ணாடி. உடைந்ததற்கு அதே நிறம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். அதே நிறம் தேடி அலையாமல் உடைந்த கட்டங்களுக்குச் சாதாரணக் கண்ணாடி போடுங்கள், மிஞ்சிய சிவப்பும் நீலமும் தனியாகத் தெரியட்டும். ஆனால் அதற்கு முன்னால் வாசற்படிக்குக் கீழே, உள்ளும் வெளியும், ஒரு முழ அகலத்துக்கு மேல்மண்ணை எடுத்து அரிதட்டில் அரித்துப் பாருங்கள். சென்ற வருடம் சுண்டிக்குளிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி அரித்தபோது, ஒன்பது கட்டங்களில் நாலுக்குப் போதுமான துண்டுகள் முழுதாகவே கிடைத்தன, கூட ஒரு பழைய அரைச்சத நாணயமும்.